பச்சை பெயிண்டுக்கு அடியில

போன சனிக்கிழமை காலையில காபி கூட குடிச்சு முடிக்கல, ஹூஸ்டன்ல இருந்து போன். நம்ம ஊர்க்காரத் தம்பி. ரெண்டு வருஷமா ஒரு மிலிட்டரி லாரி வாங்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தவன்.

"அண்ணா, டியூஸ் பாத்துட்டேன். ஒரே மாடல், ரெண்டு வண்டி. ஒண்ணு டீலர் கிட்ட இருக்கு, எல்லா வேலையும் முடிச்சு புதுசு மாதிரி வச்சிருக்காங்க. இன்னொண்ணு ஒரு பெரியவர் தன் பண்ணையில நிறுத்தி வச்சிருக்காரு, விலை பாதிக்கும் கம்மி. எதை எடுக்கட்டும்? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

ஒரே வார்த்தையில எப்படிச் சொல்றது! ஒன்றரை மணி நேரம் பேசினோம். காபி ஆறிப் போச்சு. போனை வச்ச பிறகுதான் தோணுச்சு, இதை எழுதியே வச்சிடலாம்னு. டெக்சாஸ்ல கொஞ்சம் நிலம் வாங்கிப் போட்டிருக்கிற நம்மாளுங்க எத்தனையோ பேர் இதே கேள்வியோட இருக்கீங்க.

முதல்ல தெரியாதவங்களுக்கு. டியூஸ்னா "டியூஸ் அண்ட் எ ஹாஃப்". ரெண்டரை டன் லாரி. அமெரிக்க ராணுவத்தோட எம்35. ரெண்டரை டன்கிறது காடு மேட்டுல ஏத்தற பாரம், நல்ல ரோட்டுல அதை விடவும் ஏத்தலாம். 1950 வாக்குல ரியோ கம்பெனி ஆரம்பிச்ச வடிவம். அப்புறம் ஸ்டூட்பேக்கர், கைசர், ஏஎம் ஜெனரல்னு கை மாறி மாறிப் பண்ணாங்க. 10 சக்கரம், எல்லாச் சக்கரமும் இழுக்கும், வெறும் வண்டியே கிட்டத்தட்ட 6 டன். வியட்நாம் போர் படங்கள்ல சேத்துல போறது இந்த வண்டிதான்.

எனக்கு எதுக்கு இதுன்னு வீட்லயும் கேட்டாங்க. ஆஸ்டினுக்கு மேற்கே, ஹில் கன்ட்ரியில எங்க நிலம். சுண்ணாம்புக்கல், சீடர் மரம், நடுவுல ஒரு ஓடை. ஓடைக்கு மேல பாலம் கிடையாது, தரைப்பாலம்தான். கல்லு ஏத்தணும், வெட்டின மரம் இழுக்கணும், தண்ணி டேங்க் கொண்டு போகணும். சாதாரண பிக்கப் வச்சு ரெண்டு வருஷம் பண்ணிப் பாத்தேன். ஸ்பிரிங் உக்காந்துடுச்சு.

இன்னொரு காரணமும் இருக்கு. அப்பா.

வேலூர் பக்கம் எங்க ஊர். வீட்டுக்கு ஒருத்தர் மிலிட்டரியில இருப்பாங்க. அப்பா ஆர்மி சர்வீஸ் கோர்ல டிரைவர். சக்திமான் ஓட்டினவர். லீவுல வரும்போது எங்களுக்கு மிட்டாயும் கதையும் கொண்டு வருவாரு. கதை எல்லாம் சக்திமான் கதை. சக்திமான், ஜெர்மனியோட மேன் கம்பெனி லைசென்ஸ்ல நம்ம நாட்டுல பண்ண லாரி. ஜபல்பூர்ல.

இப்ப கேளுங்க. எம்35-ல நான் வாங்கின வகையான எம்35ஏ2-வோட மல்டிஃப்யூயல் எஞ்சின் இருக்கே (எல்டிடி-465, 7.8 லிட்டர், ஆறு சிலிண்டர்), காண்டினென்டல் கம்பெனி அதைப் பண்ணும்போது எரியற முறையை எடுத்தது அதே மேன் கிட்ட இருந்துதான். பிஸ்டன் தலையில உருண்டையா ஒரு குழி, அந்தக் குழியோட சுவத்துல எரிபொருளைப் படர விட்டு எரிக்கிற முறை. அதனாலதான் டீசல், மண்ணெண்ணெய், ஜெட் எரிபொருள்னு எதை ஊத்தினாலும் ஓடும். அவசரத்துக்குப் பெட்ரோல் கூட. இதை நான் படிச்ச அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. அப்பா லாரிக்கும் இதுக்கும் ஒரே தாய்வீடு!

சரி, வாங்கின கதைக்கு வரேன்.

நான் வாங்கினது ஆளுகிட்ட நேரடியா. மூணு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய் பாத்தேன். 1971 மாடல். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னாடி நின்னுச்சு. எனக்கு வித்த பெரியவர் நல்ல மனுஷர், ஒரு பொய் கூட சொல்லல. "நிறுத்தும்போது ஓடிட்டு இருந்துச்சு"னார். உண்மைதான். பேட்டரி போட்டதும் ஒரே சுத்துல ஸ்டார்ட் ஆச்சு. டர்போ விசில் அடிச்சுது பாருங்க, எனக்கு மயிர் கூச்செறிஞ்சுது. அங்கயே பேரம் முடிஞ்சுது.

என்ன தப்பு பண்ணேன்னா, ஸ்டார்ட் ஆனதைப் பாத்தேன். நிக்குதான்னு பாக்கல.

(ஓட்டிப் பாத்தேன், மேய்ச்சல் நிலத்துல, மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்துல. புல்லுல அந்த வேகத்துல எந்த லாரியும் நிக்கும்.)

எம்35ஏ2-வோட பிரேக்கைப் பத்திக் கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா மொத்த விஷயமும் அங்கதான் இருக்கு. பெடல் மிதிச்சா மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலைத் தள்ளும். ஏர்பேக்னு ஒரு குடம் மாதிரி சாமான் (விபத்துல உப்புற பை இல்ல, வேற), காத்து அழுத்தத்தை வச்சு அந்தத் தள்ளலைப் பல மடங்காக்கும். அங்க இருந்து ஆறு டிரம்முக்கும் ஆயில் போகும். ஆறுக்கும் ஒரே சர்க்யூட். இன்னைக்கு ரோட்டுல ஓடற சாதாரண காருல கூட பிரேக் ரெண்டு சர்க்யூட்டா பிரிஞ்சிருக்கும், ஒண்ணு போனா இன்னொண்ணு பாதியாவது நிறுத்தும். இதுல அது கிடையாது. எங்கயாவது ஒரு ரப்பர் ஹோஸ் வெடிச்சா, ஒரு வீல் சிலிண்டர் வாய் விட்டா, ஆறும் போச்சு. பெடல் நேரா தரைக்கு.

எனக்கு அப்படித்தான் போச்சு.

வாங்கி அஞ்சாவது மாசம். பின்னாடி கல்லு. ஓடைக்கு இறங்கற சரிவு. மிதிச்சேன், பெடல் அப்படியே கீழ போயிடுச்சு. திரும்ப மிதிச்சேன். ஒண்ணுமில்ல.

அன்னைக்கு என்னைக் காப்பாத்தினது அப்பா சொன்ன ஒரு பழக்கம். "எந்த கியர்ல மேடு ஏறுவியோ அந்த கியர்லயே பள்ளம் இறங்குடா"னு சின்ன வயசுல இருந்து சொல்லுவாரு. லோ ரேஞ்ச்ல, ரெண்டாவது கியர்ல இருந்தேன். எஞ்சின் பிடிச்சு வச்சிருந்துச்சு. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். இந்த வண்டியில ஹேண்ட் பிரேக் சக்கரத்துல இல்ல, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னாடி ஷாஃப்ட்ல ஒரு டிரம்மைப் பிடிக்கும். பிடிச்சுது. தண்ணிக்கு முன்னாடி நாலடி தள்ளி நின்னுச்சு.

கை நடுக்கம் நிக்க அரை மணி நேரம் ஆச்சு. வீட்டுல அன்னைக்குச் சொல்லல. மறுநாள் சொன்னேன். "ஏங்க, உங்க பக்கத்து சீட்ல புள்ள உக்காந்திருந்தா?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டா. அதுக்கு மேல அவ ஒண்ணும் கேட்கல, எனக்கும் பதில் இல்ல.

பின் ஆக்ஸில் ஹோஸ்தான் பிளந்திருந்துச்சு. வெளிய நல்லா பச்சையா, தடியா இருந்த ஹோஸ். அறுத்துப் பாத்தா உள்ள பொடிப் பொடியா உதிருது. அதோட விட்டேனா, ஆறு டிரம்மையும் கழட்டினேன். நாலு வீல் சிலிண்டர்ல உள் சுவர் துருப்பிடிச்சு அரிச்சிருக்கு. அமெரிக்க ராணுவம் இந்த வண்டிங்களுக்கு சிலிக்கான் பிரேக் ஆயில் ஊத்திட்டிருந்துச்சு, டாட் 5. அது தண்ணியை உறிஞ்சாது. கேக்க நல்லாருக்கு. ஆனா உள்ள போற ஈரம் கலக்காம அடியில போய்த் தேங்கி, தேங்கின இடத்தை மட்டும் தின்னும். வருஷக்கணக்கா நின்ன வண்டியில இது கண்டிப்பா இருக்கும்னே நெனச்சுக்கோங்க. (விஷயம் தெரியாம கடையில கிடைக்கிற சாதாரண டாட் 3 ஆயிலை மேல ஊத்திடாதீங்க. ரெண்டும் சேராது.)

இடது பக்க சக்கர நட்டு எல்லாம் இடது மரை. வலது பக்கம் முடிச்சுட்டு வந்து, இடது பக்கமும் அதே மாதிரி சுத்தி அரை நாள் மல்லுக்கட்டினேன். கடைசியில ஸ்டட் முனையில "எல்"னு பொறிச்சிருந்ததைத் துருவுக்கு அடியில பாத்தேன். வீல் பேரிங் நட்டுக்கு 3 இன்ச் சாக்கெட் வேணும், அது எந்த வீட்டுப் பெட்டியிலயும் இருக்காது. ஒரு டயரைக் கழட்டி நகத்தவே ரெண்டு ஆள். அதுவும் அந்த ரிம்ல பூட்டு வளையம் இருக்கு. காத்து அடிக்கும்போது வளையம் சரியா உக்காரலேன்னா பீரங்கி குண்டு மாதிரி பறக்கும், ஆளு செத்திருக்காங்க. அதை மட்டும் நான் தொடல. இரும்புக் கூண்டு வச்சிருக்கிற டயர் கடைக்குத்தான் குடுத்தேன். நீங்களும் தொடாதீங்க.

டயர்! பாக்க பட்டன் தேயாம கறுப்பா இருந்துச்சு. பக்கவாட்டுல தேதி எண் மூணு இலக்கம். 2000-க்கு அப்புறம் பண்ண டயர்ல நாலு இலக்கம் இருக்கும், வாரமும் வருஷமும். மூணு இலக்கம்னா போன நூற்றாண்டு டயர். பத்தும் மாத்தினேன்.

பேப்பர் கதை தனி. அரசாங்கம் வண்டியை விக்கும்போது எஸ்எஃப்-97னு ஒரு சான்று குடுக்கும். அதை வச்சுத்தான் மாநிலத்துல டைட்டில் வாங்கணும். பெரியவர் கிட்ட சான்று இருந்துச்சு, ஆனா அவர் பேர்ல இல்ல. ஏலத்துல எடுத்தவர் பேர்ல. அவர் இவருக்குக் கைமாத்தினதுக்கு ஒரு துண்டுச் சீட்டு கூட இல்ல. பண்ணைக்குள்ளயே ஓட்டினதால பெரியவருக்கு அது தேவைப்படல. எனக்குத் தேவைப்பட்டுச்சு. அந்த முதல் ஆளைத் தேடிப் பிடிச்சு கையெழுத்து வாங்க நாலு மாசம்.

எல்லாம் முடிஞ்சு நோட்டுல கூட்டிப் பாத்தேன். வண்டியை ஏத்தி வந்த லோபெட் வாடகை, டயர், பிரேக், ஹப் சீல், பேட்டரி ரெண்டு (வண்டி 24 வோல்ட், ரெண்டு 12 வோல்ட் பேட்டரி வரிசையில), டேங்க் கழுவினது, கருவி வாங்கினது. வாங்கின விலையை விட மேல வந்துடுச்சு செலவு. நான் வாங்கின சமயத்துல ஒரு டீலர் சொன்ன விலைக்கும் என் மொத்தக் கணக்குக்கும் பெருசா வித்தியாசமே இல்ல. 14 மாச சனிக்கிழமைகளை நான் கணக்குல சேக்கவே இல்ல.

அப்ப டீலர் கிட்டயே போய் வாங்கிடலாமான்னா, அங்கதான் நான் கோவப்பட்ட விஷயம் வருது.

தம்பி எனக்கு வாட்ஸ்அப்ல டீலர் வண்டியோட படம் அனுப்பினான். 40 படம். பளபளன்னு பச்சை. கதவுல வெள்ளை நட்சத்திரம். சீட்டுக்குப் புது உறை. நான் பெருசாக்கிப் பாத்தேன். முன் ஆக்ஸில் பக்கம் ஒரு படத்துல பிரேக் ஹோஸ் தெரியுது. ஹோஸ் மேலயும் பச்சை. கிரீஸ் அடிக்கிற நிப்பிள் மேலயும் பச்சை, மூடியே போயிருக்கு. டேஷ்போர்டுல இருக்கிற விவரத் தகடு மேலயும் லேசா பச்சை தெறிச்சிருக்கு.

இதுக்குப் பேர் புதுப்பிக்கறதா?

ஹோஸை மாத்தினவன் அது மேல பெயிண்ட் படாம டேப் சுத்துவான். கிரீஸ் அடிச்சவனுக்கு நிப்பிள் எங்க இருக்குன்னு தெரியும். கம்ப்ரஸர் வச்சிருக்கிற யாரு வேணும்னாலும் ஒரே நாள்ல ஒரு டியூஸைப் பச்சையாக்கிடலாம். பெயிண்ட் அடிச்சதுக்கு இரு மடங்கு விலை வாங்கறது அந்த மாட்டுக் கொட்டகைப் பெரியவர் பண்ணாத வேலை. அவர் வண்டியோட துரு எனக்குக் கண்ணுக்குத் தெரிஞ்சுது. இங்க துருவை மறைச்சுட்டு அதுக்கே காசு கேக்கறாங்க.

ஆனா ஒழுங்கா செய்யற பட்டறைங்க இருக்கு. நான் ஒண்ணுக்கு நேர்ல போயிருக்கேன். அங்க பாடியைத் தனியாத் தூக்கி வச்சு, சேஸிஸை மட்டும் நிறுத்தி வேலை பாத்துக்கிட்டிருந்தாங்க. ஆறு வீல் சிலிண்டரும் புதுசு. ஹோஸ் எல்லாம் புதுசு, மேல கட்டின சீட்டு கூட கழட்டல. ஏர்பேக்கைப் பிரிச்சு சீல் மாத்தி சோதிச்ச தேதி எழுதி ஒட்டியிருந்துச்சு. பேரிங் கழுவி புது கிரீஸ். எம்35ஏ2-வுல பவர் ஸ்டீயரிங் கிடையாது, அதைச் சேத்துத் தராங்க (தோள்பட்டை வலி தெரிஞ்சவங்களுக்கு இதோட அருமை புரியும்). டைட்டில் அவங்க பேர்லயே எடுத்து வச்சிருக்காங்க, நமக்கு மாத்திக் குடுத்தா முடிஞ்சுது. கேட்டதும் ஒரு ஃபைலை எடுத்து மேசையில வச்சாங்க. என்ன மாத்தினோம், எந்தத் தேதி, யார் கை வச்சது, எல்லாம்.

அந்த ஃபைலுக்குத்தான் காசு. அது இல்லாத டீலர், பெயிண்ட் அடிச்ச தனி ஆள்தான்.

அதனால தம்பி கிட்ட நான் சொன்னது இது. உனக்கு ஷெட் இல்ல. ரெண்டு சின்னப் புள்ளைங்க. வாரத்துல அஞ்சு நாள் ஆபீஸ். நீ ரோட்டுல ஓட்டப் போற. உனக்குப் பட்டறையில வேலை முடிஞ்ச வண்டிதான் சரி, ஆனா ஃபைலைப் பாக்காம ஒரு ரூபா அட்வான்ஸ் குடுக்காத. நேரடியா ஆளுகிட்ட வாங்கறதா இருந்தா, வாரம் ஒரு தடவையாவது ரோட்டுல ஓட்டற ஆளா பாரு. ஓடற வண்டியில கோளாறு வெளிய வந்திருக்கும், அவரே சரி பண்ணியிருப்பாரு, ரசீதும் வச்சிருப்பாரு. இந்த வண்டி மேல பைத்தியமா இருக்கிற ஆளுங்க நிறைய இருக்காங்க. வயசு காரணமா விக்கற அப்படி ஒருத்தர் கிடைச்சா, டீலரை விட அவர்தான் மேல். கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்னு சொல்ல மாட்டேன், ஆனா கண்ணைத் திறந்துக்கிட்டு சந்தோஷமா வாங்கலாம்.

ஏலத்துல எடுக்கலாமான்னும் கேட்டான். கவ்பிளானட்னு ஒரு ஆன்லைன் ஏலத் தளத்துல ராணுவ வண்டிங்க ஏலத்துக்கு வரும். இருக்கிற இடத்துல, இருக்கிற நிலையில எடுத்துக்கணும். முதல் வண்டிக்கு வேண்டாம்னுட்டேன்.

"எம்35 வேகம் பத்தாதே அண்ணா, ஹைவேல போகணும்"னான். அது நியாயம். எம்35ஏ2 உச்ச வேகமே மணிக்கு 90 கிலோமீட்டர்தான், 80 தாண்டினாலே எஞ்சின் கத்தும். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் குடுத்தா புண்ணியம். ஹைவே ஓட்டம் கொஞ்சம் சுலபமா இருக்கணும்னா அடுத்த தலைமுறை எல்எம்டிவி பாக்கலாம், ஆனா அதுலயும் உச்ச வேகம் பெருசா கூடாது. ஆஸ்திரியாவோட ஸ்டெயர் லாரியை வச்சு, நம்ம டெக்சாஸ்லயே, சீலி ஊர்ல பண்ண வண்டி. கேட்டர்பில்லர் எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர். 5 டன் எம்939 வகையையும் சிலர் சொல்லுவாங்க. அதுல ஒரு எச்சரிக்கை. ஈர ரோட்டுல திடீர்னு பிரேக் அடிச்சா சக்கரம் பூட்டிக்கிட்டு வண்டி திரும்பி உருண்டிருக்கு, ராணுவமே வேகத்தைக் குறைக்கச் சொல்லி அப்புறம் ஏபிஎஸ் மாட்டுச்சு. ஏபிஎஸ் மாட்டின வண்டியான்னு பாத்து வாங்கணும்.

எந்த வண்டியா இருந்தாலும் எஞ்சின் ஆயில் குச்சியை எடுத்து மோந்து பாருங்க. அளவு கோட்டுக்கு மேல ஆயில் ஏறியிருந்து டீசல் வாசனை அடிச்சா, பம்புல இருந்து டீசல் உள்ள கசியுது. மல்டிஃப்யூயல்ல இது பெரிய செலவு. விவரத் தகடு பக்கத்துல ரெண்டாவதா ஒரு தகடு இருந்தா நல்ல சேதி, ராணுவமே டிப்போவுல முழுசா பிரிச்சு மாட்டினதுக்கு அடையாளம். (டெக்சர்கானா பக்கத்துல ரெட் ரிவர் டிப்போ அப்படிப்பட்ட இடம்.) ஆனா அந்தத் தகடும் பழசுதான். ரப்பருக்கு அது செல்லாது.

அப்பா போன வருஷம் வந்திருந்தாரு. வண்டியைக் காட்டினேன். ஸ்டார்ட் பண்ணச் சொல்லல. பானட்டைத் திறக்கச் சொல்லல. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, 74 வயசுல, நேரா வண்டிக்கு அடியில போய்ப் படுத்தாரு. கையை நீட்டி ஒவ்வொரு ஹோஸையும் தடவிப் பாத்தாரு. பத்து நிமிஷம். வெளிய வந்து தூசி தட்டிக்கிட்டே, "இப்ப சாவியைக் குடு"ன்னாரு. (இந்த வண்டிக்குச் சாவியே கிடையாது, சுவிட்ச்தான்னு சொன்னேன். ஒரு சிரிப்பு சிரிச்சாரு.) ஓடை வரைக்கும் அவரே ஓட்டினாரு. அந்தச் சரிவுல, ரெண்டாவது கியர்ல.

தம்பி அந்த டீலர் கிட்ட ஃபைல் கேட்டிருக்கான். "எல்லாம் செக் பண்ணியாச்சு"ன்னு பதில் வந்துச்சாம், காகிதம் வரல. விட்டுட்டான். இப்ப வேற பட்டறையில ஒரு வண்டி, 11 பக்கத்துக்கு வேலை விவரம் அனுப்பியிருக்காங்க. வர்ற சனிக்கிழமை நானும் கூடப் போறேன்.

நீங்களும் பாக்கப் போறதா இருந்தா, நல்ல சட்டை போட்டுக்கிட்டுப் போகாதீங்க. பழைய சட்டை, ஒரு டார்ச், கீழ விரிக்க ஒரு அட்டை. முதல்ல அடியில படுங்க.